பத்தொன்பதாம் கேள்வி

அந்தத் தெருவில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. துணி கொடுக்க வருகிறவர்களுக்கு டெய்லரக்கா, மற்றவர்களுக்கு ஃபாரம் அக்கா. இந்த இரண்டாவது பட்டத்தைக் கட்டிவிட்ட புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பாள். பட்டம் வந்த நாளோடு அவளுடைய வெள்ளிக்கிழமை மத்தியானத் தூக்கம் போயிற்று.

வீடு ஒரே ஒரு நீள அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் கட்டில், பின்னால் சக்கர நாற்காலி நுழைய முடியாத குறுகிய வாசலோடு ஒரு சமையலறை. மெஷினுக்கு எதிரே மகள் உட்கார்ந்திருப்பாள். வயது இருபத்தாறு. பிறந்த அன்று மூச்சு வரத் தாமதமானதில் கையும் காலும் அவள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. கழுத்துகூட அதற்கு மனம் வந்தால்தான் நிற்கும். கண் மட்டும் பொல்லாத கண். உள்ளே வருகிறவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தால் தீர்ப்பு எழுதி முடித்துவிடும். அதனால் ஜட்ஜம்மா என்று பேர். வைத்தவர் அப்பா. லாரி ஓட்டப் போனவர் ஒரு கட்டத்தில் லாரியோடே இருந்துவிட்டார். அவர் வைத்த பேர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

ஜட்ஜம்மா பேசுவாள். ஒரு சொல்லைத் திரட்டி உதடு வரை தள்ளிக்கொண்டு வர நேரம் பிடிக்கும். வந்த பிறகும் மற்றவர் காதுக்கு அது வெறும் முனகல். அம்மாவுக்கு மட்டும்தான் முழுச் சொல். நாலு வருஷமாக உதவிக்கு வரும் பெண்ணுக்கே பத்துச் சொல்தான் பிடிபட்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்று ‘போ’.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே மாற்றுவதில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு முறை உண்டு. அக்கா தன் முழங்காலை மகளின் முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து, அக்குளுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு” என்பாள். “மூணு” மகள் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் தூக்கியதே கிடையாது. சில நாள் வேண்டுமென்றே அந்த மூணைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜட்ஜம்மா சிரிப்பாள், அம்மா இடுப்பு ஒடியக் குனிந்தபடி நிற்பாள். ஐம்பத்து மூன்று வயதில் அது விளையாட்டல்ல. இடது தோள் மூன்று வருஷமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. கையைக் காதுக்கு மேலே கொண்டுபோனால் உயிர் போய் உயிர் வரும். டாக்டர் ‘பாரம் தூக்கக் கூடாது’ என்று சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை எட்டாக மடித்து, மெஷின் ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் செருகி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அதற்கு அவ்வளவுதான் உபயோகம்.

உதவிக்காரப் பெண்ணை நலத்துறை அனுப்பியது. வாரத்தில் ஐந்து நாள், காலையில் நாலு மணி நேரம். குளியலும் சாப்பாடும் அந்த நேரத்தில் நடந்துவிடும். அக்கா ஜிப் மாற்றுவதும் கால்சட்டை மடித்துத் தைப்பதும் அப்போதுதான். மிச்ச நேரத்துக்கெல்லாம் அந்தத் தோள்தான் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு வரும். ‘உயர் தேவை’ என்ற படியிலிருந்து ஒரு படி இறங்கிவிட்டால் நாலு மணி நேரம் இரண்டாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் பெற்றவர்கள் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வந்து விடுவார்கள். நடக்காத பிள்ளை, காது கேளாத பிள்ளை, ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. சான்றிதழ் எங்கே வாங்குவது, பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டேன் என்றால் யாருக்கு மனுப் போடுவது, படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்தில் யாரைக் கீழே இறங்கி வரச் சொல்லிக் கேட்பது, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. படித்துத் தெரிந்துகொண்டதல்ல. மகளின் முதல் சக்கர நாற்காலிக்காகப் பதினோரு மாதம் நடையாய் நடந்தாள். நாற்காலி வந்து சேர்ந்தபோது மகள் அதற்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தாள். இன்னொருத்தி இப்படி அலையக் கூடாதே என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருத்திக்கு ஒரே ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தாள். பிடித்தது சனி.

வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லும் விதி ஒன்று உண்டு. அது ஒரு வெல்டரால் வந்தது. அவர் ஆறு மாதம் உட்கார்ந்து தன் ஒன்பது வயதுப் பையனுக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்திருந்தார். மதிப்பீட்டுக்குப் போன இடத்தில் பையன் அதிகாரி முன்னால் ஐந்து பட்டனையும் போட்டுக் காட்டினான். இருபது நிமிஷம் ஆனது. அதிகாரி கைதட்டினார், வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் கடிதம் வந்தது: பையன் தானாகவே உடுத்திக்கொள்கிறான், உதவியாளர் தேவையில்லை. வெல்டர் அந்தக் கடிதத்தோடு மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, “நான் என்னக்கா தப்பு பண்ணிட்டேன்?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான். “பெத்த மனசு பெருமைப்படத்தான் செய்யும். அதை வீட்டோட வெச்சுக்கங்க. அங்க போய் நல்ல நாளைச் சொல்லாதீங்க, கெட்ட நாளைச் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. ஒரு பொய் மாட்டுச்சுன்னா அடுத்த பத்துப் பிள்ளைங்களையும் நம்ப மாட்டாங்க. கெட்ட நாள் எப்படியோ அதை அப்படியே சொல்லுங்க. அப்புறம், சொல்றப்ப பிள்ளையை வெளியில அனுப்பிடுங்க. முடியாது முடியாதுன்னு நீங்க அடுக்குறது அது காதுல விழ வேணாம்.”

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

முன்பெல்லாம் மறுமதிப்பீடு அலுவலகத்தில் நடக்கும். போன முறை உதவிக்காரப் பெண் ஜட்ஜம்மாவோடு வெளியே மர நிழலில் நின்றாள். இந்த முறை அதிகாரியே வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுப் பெண், மரியாதையாகப் பேசினார். அன்றைக்கென்று பார்த்து உதவிக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல். சமையலறைக்குள் நாற்காலி போகாது, வாசலில் கொளுத்தும் வெயில். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். மகள் இங்கேயே இருக்கட்டும், இத்தனை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கேட்டவளுக்குத் தெரியாத விஷயமா என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு யோசிக்கவே அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து ஒற்றை ஆளாய்க் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி முடித்திருந்தாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

மொத்தம் நாற்பது கேள்வி.

“தானா சாப்பிடுவாங்களா?”

“முடியாது. ஊட்டணும். முக்கா மணி நேரம் ஆகும், புரை ஏறும்.”

“குளிக்கிறது?”

“முடியாது.”

“படுத்தா தானா திரும்பிப் படுப்பாங்களா?”

“முடியாது. ராத்திரி மூணு தடவை நான் எழுந்து திருப்பிவிடணும்.”

எல்லாம் சத்தியம். ஆனால் நீளத் தையல் ஓட்டும்போது மிதியிலிருந்து காலை எடுக்காமலே போனால் துணி முடிந்த பிறகும் ஊசி குத்திக்கொண்டே போகும். ‘முடியாது’ அப்படித்தான் அவள் வாயில் ஓட ஆரம்பித்தது.

“பத்தொன்பது. தனக்கு வேணுங்கிறதைப் பேசிச் சொல்லுவாங்களா?”

“முடியாது.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அல்லது சொல்வதற்கு முன்பே விழுந்துவிட்டதோ? பிற்பாடு பல நாள் இதைத் தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள், சரியான பதில் வரவில்லை.

ஜட்ஜம்மாவின் தலை நிமிர்ந்தது. உடம்பு மொத்தமும் இறுகி, நாற்காலியின் பெல்ட் கிறீச்சிட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு ஓசை கிளம்பி அறையை நிறைத்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“என்ன சொல்றாங்க?”

‘நான் பேசுவேன்.’ அம்மாவுக்கு அட்சர சுத்தமாகக் கேட்டது. அதைக் கேட்கத் தெரிந்த காது இந்த உலகத்தில் அவளுடையது ஒன்றுதான்.

“தண்ணி கேக்குறா,” என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழலைப் போட்டு, மகளின் வாயருகே கொண்டுவந்தாள். ஜட்ஜம்மா வாயைத் திறக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு எழுதிய கண் அது. அதற்கு முன்னால் குற்றவாளியாகத் தான் ஒருநாள் நிற்க வேண்டியிருக்கும் என்று அக்கா நினைத்ததே இல்லை.

மீதிக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. அதிகாரி ஃபாரத்தை மடித்தபடி, “கவலைப்படாதீங்கம்மா, உயர் தேவையிலதான் வரும்,” என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பினார்.

“உனக்காகத்தானடி சொன்னேன். ரெண்டு மணி நேரம் ஆக்கிட்டான்னா யாருடி உன்னைப் பார்ப்பா? நான் என்ன இரும்பா?”

மகளைப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது. அக்கா பெல்ட்டைக் கழற்றினாள், முழங்காலைக் கொடுத்தாள், கையைக் கோத்துக்கொண்டாள்.

“ஒண்ணு, ரெண்டு.”

மூணு வரவில்லை. சிரிப்புக்காகப் பிடித்து வைத்திருக்கும் மூணு அல்ல. அந்த முகத்தில் சிரிப்பில்லை, கோபம்கூட இல்லை. அக்கா குனிந்தபடியே நின்றாள். தோள் விண்விண் என்றது. சொல்லாமலே தூக்கிவிடலாம், மூட்டையைத் தூக்குகிற மாதிரி. அவளால் முடியவில்லை. வாயிருந்தும் பேச்சில்லாதவள் என்று அடுத்தவரிடம் சொன்னதைவிட, இப்போது தூக்கினால் அதுதான் பெரிய பாவமாகப் போய்விடும் என்று தோன்றியது.

பெல்ட்டை மறுபடி மாட்டினாள். “இரு, வரேன்,” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினாள். ஓட்டம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பார்த்தவர்களுக்கு அது நொண்டல். அதிகாரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

“பத்தொன்பதை மாத்துங்கம்மா. அவ பேசுவா.”

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். “மாத்தினா ஒரு படி இறங்கிடும். உங்களுக்குத் தெரியாததா? உங்க வீட்டுக்குப் போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல, ‘அவங்ககிட்ட நீ கத்துக்கிட்டு வா’ன்னு சொன்னாங்க.”

“தெரியும்.”

“அவங்க சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. எனக்குப் புரியலன்னா முடியாதுன்னே எழுதலாம். தப்பில்ல.”

“எனக்குப் புரிஞ்சுதே. அவ தண்ணி கேக்கலம்மா. ‘நான் பேசுவேன்’னு சொன்னா. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அதிகாரி நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை எடுத்து, மடிமேல் வைத்து அடித்து எழுதினார். பக்கத்தில் அக்காவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். “மனசுக்குக் கஷ்டமா இருக்கு,” என்றார்.

“எனக்குந்தான்,” என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வீட்டில் அது வழக்கமில்லை. முழங்காலைக் கொடுத்து, “ஒண்ணு, ரெண்டு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “மூணு,” என்றாள் மகள்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் கடிதம் வந்தது. உதவி இரண்டு மணி நேரம்; முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உதவிக்காரப் பெண் குளிப்பாட்டி முடித்துவிட்டு ஊட்டாமலே கிளம்ப வேண்டிவந்தது. தைக்க நேரமில்லாமல், வந்த துணிகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, வந்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு அக்கா பேனாவை எடுத்தாள். மேல்முறையீட்டு வாசகம் அவளுக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். முதல் வரியை ஆரம்பிக்கும்போதே எதிரே ஓசை வந்தது.

“நான்.”

“நீ சொல்லி நான் எழுதினா, நானே எழுதினதும்பாங்கடி.”

“வந்து கேக்கட்டும்.”

நாலு மத்தியானம் ஆனது. ஒரு வரிக்கு ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம். நடுவில் புரை ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான். அக்கா தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கக் கை துடித்தது உண்மை. மகள் சொன்னதை எழுத்துத் தமிழில் மட்டும் மாற்றிக்கொண்டாள்.

‘நான் பேசுவேன். என் பேச்சு என் அம்மாவுக்கு மட்டும் புரியும். அம்மா இல்லாத இடத்தில் எனக்குப் பேச்சு இல்லை. முடியும் என்று போட்டாலும் தப்பு, முடியாது என்று போட்டாலும் தப்பு. இதற்கு உங்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.’

நாலாம் நாள் அக்கா, “முடிஞ்சுதா? கையெழுத்து போடலாமா?” என்று மை ஒற்றும் அட்டையைத் தேடினாள். மகளுக்குப் பெருவிரல் ரேகைதான். ஜட்ஜம்மா தலையை அசைத்தாள். இன்னும் ஒன்று இருந்தது. அதைத் திரட்டிக்கொண்டு வர வெகுநேரமானது.

‘அம்மாவுக்குத் தோள் வலி. ரொம்ப நாளாக.’

பேனா நின்றது. “அது எதுக்குடி இதுல? இது உன்னைப் பத்தின மனு. அதுக்கெல்லாம் இதுல இடமில்ல.”

“எழுது.”

எத்தனை வீட்டு ஃபாரத்தை நிரப்பியிருப்பாள். எந்த அம்மாவின் தோளைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை. கேட்டதும் இல்லை. வலிக்கிறதா என்று தன்னையும் யாரும் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணப் போனாள், எண்ண முடியாமல் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

எழுதி முடித்துப் பார்த்தபோது கைப்பழக்கம் விடவில்லை. ஆதாரம் இல்லாத வரியை ஆபீஸில் மதிக்க மாட்டார்கள் என்று அவளே ஊருக்கெல்லாம் சொல்கிறவள். குனிந்து, மெஷின் காலுக்கடியிலிருந்து டாக்டர் சீட்டை உருவி, மடிப்பு நீவி, மனுவோடு குத்தினாள். கீழே ‘இணைப்பு: ஒன்று’ என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் முழுக்க மெஷின் ஆடிக்கொண்டேதான் தைத்தது.