ஒரே வீட்டில் இரண்டு பெரியவன்

ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் பாதிப் பேர் பொன்னாயி கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவள் வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டவர்கள். இது அவளே சொல்லும் கணக்கு. வலி எடுத்துவிட்டால் எந்த வீட்டிலும் உள்ளறை வரை விடுவார்கள். மற்ற நாளில் வாசலோடு சரி. அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை. அவள் கவலையெல்லாம் சவரிமுத்து நிலத்து மூலையில் நின்ற தன் குடிசையைப் பற்றித்தான். 'இருந்துக்க பொன்னாயி' என்று அவர் வாயால் சொன்னதைத் தவிர அந்த மனைக்கு வேறு ஆதாரம் இல்லை.

நாற்பத்தாறாம் வருஷம் சவரிமுத்து கண்ணை மூடினார். உயிலைப் பிரித்தார்கள். குளத்தங்கரை நஞ்சை பெரியவனுக்கு, மேட்டுப் புஞ்சை சின்னவனுக்கு என்று இருந்தது. எவன் பெரியவன் என்று பெயர் போடவில்லை. பிள்ளைகள் தேவசகாயமும் அமிர்தசாமியும் இரட்டையர். யாரிடம் வேலை ஆகவேண்டுமோ அவனைத்தான் சவரிமுத்து 'பெரியவனே' என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் அதை நம்பியே மீசை வளர்த்தவர்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தேதி. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். மிச்சமிருந்த சாட்சி பொன்னாயி ஒருத்திதான். அவளைக் கோயில் வாசலில் வைத்து விசாரிக்கப் பங்குச் சாமியார் நாள் குறித்தார்.

அவளுக்கோ, எவன் முன்னால் வந்தான் என்று சத்தியமாகத் தெரியாது.

முதலில் தேவசகாயம் வந்தான். துணிக்கு ரேஷன் இருந்த காலம். அப்படியும் எங்கிருந்தோ ஒரு சேலை பிடித்துவந்திருந்தான்.

"பொன்னாயி அம்மா, சௌக்கியங்களா?"

அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"நான்தானே முன்னால வந்தேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்கலாம் தம்பி. கூரை ஒழுவுற ஒழுவுல யோசனைதான் நிக்க மாட்டேங்குது."

அந்த வாரமே குடிசைக்குப் புதுக் கீற்று வந்தது. கீற்றைப் பார்த்துவிட்டு அமிர்தசாமி கோழியோடு வந்தான்.

"முதல்ல கத்துனது நான்தானுங்களே?"

"யாரு ரொம்பக் கத்துனதுன்னு வேணா சொல்லட்டுமா?"

இரண்டு பேரிடமும் தனித்தனியாக அவள் சொன்னது ஒன்றே. "சாமியார் முன்னால நடந்ததை நடந்தபடி சொல்றேன். ஆனா நாளைக்கு நிலம் யாருக்குப் போனாலும் என்னைக் கிளப்பிவுட்டுடுவாங்க. இந்த மனையில எனக்குப் பாத்தியம் இல்ல, பொன்னாயிக்கே விட்டுட்டேன்னு எழுதி ரிஜிஸ்தர் பண்ணிக் குடுத்துடுங்க. அப்புறம் பேசுவோம்."

அவ்வளவு நஞ்சைக்கு முன்னால் ஒரு குடிசை மனை எம்மாத்திரம்? இரண்டு பேரும் ஆளுக்கொரு நாள் அவளை அரியலூருக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனார்கள். மற்றவனிடம் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது தடவை ஆபீஸ் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, போன வாரந்தானே வந்த?"

"அது வேற பெரியவருங்க" என்றாள் பொன்னாயி. அமிர்தசாமி அப்போது வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது அவள் அதிர்ஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கூடியது. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். சகோதரர்கள் இருவரும் வெள்ளை வேட்டியில் ஜெயித்த முகத்தோடு நின்றார்கள்.

"சொல்லு பொன்னாயி" என்றார் சாமியார்.

"ஒன்னு வந்துச்சுங்க சாமி. துடைச்சு முறத்துல போட்டேன். இன்னொன்னும் வந்துச்சு, பக்கத்துல போட்டேன். இவுங்க அம்மா மயங்கிக் கெடந்தா. அவளைத் தெளிய வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, ரெண்டும் முறத்துல உருண்டு பெரண்டு ஒரே மாதிரி கத்துது. எது எதுன்னு யாரு கண்டா? எது பெருசுன்னு இவுங்க அப்பா வந்து கேட்டாரு. ரெண்டும் பெருசுதாங்கன்னேன். மனுசன் அதையே கடைசி வரைக்கும் நம்பிட்டாரு."

கூட்டத்தில் எவனோ கனைத்தான். அப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. சாமியாரும் தாடிக்குள் சிரித்தார்.

"ஏய், அப்ப எதுக்குடி எங்கிட்ட எழுதி வாங்குன?" என்று தேவசகாயம் பாய்ந்தான்.

"உங்கிட்டயுமா?" என்றான் அமிர்தசாமி.

"நடந்ததை நடந்தபடி சொல்றேன்னேன், சொல்லிட்டேன்" என்றாள் அவள். "பொய் வேணும்னு ரெண்டு பேருமே கேக்கலியே?"

கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் அங்கேயும் சாட்சி இவள்தான். கதை அதே முறத்துக்குத்தான் வந்து நிற்கும். அதையும் சனம் வேலை வெட்டியை விட்டு வண்டி கட்டிக்கொண்டு கேட்க வரும். வேண்டாம் என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது. நஞ்சையில் சரிபாதி, புஞ்சையில் சரிபாதி என்று அன்றைக்கே சாமியார் முன்னால் ஒப்புக்கொண்டார்கள்.

அளக்கும் நாளில் எங்கிருந்து தொடங்குவது என்று மறுபடி சச்சரவு கிளம்பியது. இருவருக்கும் தகராறு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். இருவருமே எழுதிக் கொடுத்துவிட்ட பொன்னாயி மனை. முதல் எல்லைக்கல் அங்கேதான் விழுந்தது. தேவசகாயம் கல்லைப் பிடிக்க, அமிர்தசாமி மண்ணைத் தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட நடுங்க தம்பிகளா" என்றாள் பொன்னாயி, கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "ஒரு முருங்கை வைக்கணும்ல?"