இரும்புப் பட்டை போட்ட உத்திரம்

நான் கல்யாணமாகித் திண்டிவனம் வந்த மூன்றாம் வருஷம், தோட்டத்து மரமேடையின் நடு உத்திரம் மக்கிப்போய் இறங்கிவிட்டது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போடுவதெல்லாம் அந்த மேடையில்தான். புதுப் பலகை அடித்துப் பெரிதாக்கலாம் என்றார் மாமனார்.

செய்தி கேட்டதும் என் அப்பா, எங்கள் ஊரான பெருமுக்கல்லிலிருந்து வைரம் பாய்ந்த பனைமரம் ஒன்றை வெட்டிப் பிளந்து வண்டியில் அனுப்பினார். நடு உத்திரம் நம்முடையதாக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அவர் செய்த சீர் கொஞ்சம். இந்த மரமாவது நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நானும் இருந்தேன்.

மறுநாளே விழுப்புரத்து மரவாடியில் இழைத்த வேங்கை உத்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் என் ஓர்ப்படியின் அப்பா. ஓர்ப்படி என் கொழுந்தனாரின் மனைவி. எனக்குப் பின்னால் வந்தவள், வாய் நிறையப் பேசுவாள். வேங்கை பளபளவென்று இருந்தது. பக்கத்தில் என் பனை கறுத்து, சிலும்பிக்கொண்டு கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆசாரி இரண்டையும் கல்லில் முட்டுக் கொடுத்துக் கிடத்தி, நடுவில் மூட்டைகளை ஏற்றினார். பனை அசையவில்லை. வேங்கை வளைந்தது. உள்ளுக்குள் குதித்தேன்.

"பனையே போடலாங்க" என்றார் ஆசாரி.

மாமியார் விடவில்லை. "சம்பந்தி இம்மாந்தூரம் லாரி வச்சி எடுத்துக்கினு வந்திருக்காரு. ஓரத்துல போட்டா மூஞ்சி சுளிக்க மாட்டாரா? வளையாம இருக்க ஏதாச்சும் பண்ணுய்யா."

"அப்போ ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சி போல்ட்டு முடுக்கணும்."

"முடுக்கு. ஜல்தியா முடுக்கு."

வளைந்த மரத்துக்கு இரும்பு வந்தது. அதற்குக் கறுப்பு பெயின்ட்கூட அடித்தார்கள். வளையாத மரம் பின் ஓரத்துக்குப் போனது. என் அப்பாவும் சம்பந்திதானே என்று அடுப்படிப் பாத்திரங்களிடம் மட்டும் முணுமுணுத்தேன்.

அறுப்பு முடிந்து அப்பா வந்தார். நேரே தோட்டத்துக்குப் போய், குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். "நம்ம மரம் எங்கம்மா?" என்றார்.

மேடைமேல் மல்லாட்டை அள்ளிக்கொண்டிருந்த ஓர்ப்படி எட்டிப் பார்த்தாள். "வாங்கப்பா! உங்க மரம் அதோ, கடைசில. எங்கப்பா குடுத்தது நோஞ்சான், இரும்புல கட்டுப் போட்டு நிக்க வச்சிருக்கோம். உங்களுதுக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாரு ஆசாரி."

"சரியான வாயாடி!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பஸ் ஏறுகிறவரை அவள் பேச்சையே பேசினார்.

உத்திரத்தை எடுத்துக்கொண்டாள், போகட்டும். நான் சொல்ல வேண்டியதையும் அவளே சொல்லி, என் அப்பாவையும் சிரிக்க வைத்துவிட்டாள். அவர் போனதும் மேடையில் ஏறி, மல்லாட்டை நாலு பக்கமும் சிதறத் துழாவினேன்.