முதல் பிரதி யார் வீட்டுக்கு

நயினார்கோவிலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பிராட்பேண்ட் வந்த புதிதில், கோயில் குடமுழுக்கைச் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரடியாகக் காட்டிவிடுவது என்று விழாக் கமிட்டி முடிவு செய்து, வேலையை என் தலையில் கட்டியது. ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் நெட்வொர்க் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், கரும்பலகையில்தான். நெட்வொர்க்குக்கு வயர் உண்டு என்பது எனக்கும் செவிவழிச் செய்தி.

சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. எழுபதை நெருங்கும் எங்கள் அப்பா, அதாவது அய்யா, குடும்ப முறைக்காகக் குடம் ஏந்திக் கோபுரச் சாரம் ஏறப்போகிறார். அண்ணன் போனில் கெஞ்சினான்: "மத்ததெல்லாம் வேணாம்டா. அய்யா ஏறி எறங்குறத மட்டும் காட்டிரு."

ஊரில் இருந்த இன்டர்நெட் கம்பியில் வெளியே போகும் வேகம் ஒரு படத்துக்கே மூச்சு வாங்கும். மல்ட்டிகாஸ்ட் என்று ஒன்று உண்டு. படத்தை ஒரே தடவை அனுப்பி, பாதை பிரியும் இடத்தில் மட்டும் பிரதி எடுத்துக்கொள்வது. பொது இன்டர்நெட்டில் நடுவழிக் கம்பெனிகள் அதை விடுவதில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அங்கே ஒரே விடுதி. கடல் தாண்ட ஒரு பிரதி போதும். அண்ணன் கம்ப்யூட்டரில் இறக்கி, விடுதி வயருக்குள் மல்ட்டிகாஸ்ட்டில் எல்லா அறைக்கும் விட்டுவிடலாம்.

கமிட்டியில் விளக்கினேன். தலைவரான பெரியப்பா கேட்டார்: "அப்ப மொதல்ல யாருக்குப் போகும்?"

"அண்ணனுக்கு. அங்கிருந்து எல்லாருக்கும் ஒரே நேரத்துல."

"ஏலே வாத்தி, மொத மரியாதை ஒங்க வீட்டுக்கு, மிச்சம் எங்களுக்கா?"

"மிச்சம் இல்ல பெரியப்பா, அதே படந்தான்."

"ஒங்கண்ணன் பாத்துட்டு விடுறதுதானே? எம்மகன் என்ன, எச்சிப் படம் பாக்கவா கடல் தாண்டிப் போனான்?"

எச்சில் படம்! இத்தனை வருடப் பாடத்தில் இப்படி ஒரு கோளாறு எந்த நூலிலும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. பரிவட்டத்துக்காக அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம், மின்சாரத்துக்கும் பந்தி வரிசை போட்டது. வீட்டுக்கு வீடு தனித்தனிப் பிரதி, எல்லாம் ஒரே கம்பியில் என்று தீர்மானம். முடியாது என்று மேசையைத் தட்டினேனா? "சரிங்க பெரியப்பா" என்றேன். படித்த முதுகெலும்பு.

குடமுழுக்கன்று அய்யா சாரத்தின் அடியில் நின்று ஒரு காலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எல்லார் வீட்டுப் பிள்ளையும் படத்தைத் திறந்தான். கம்பி திணறியது, சிங்கப்பூரில் படம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றி, கருடன் வந்து, கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு ஓடிய பிறகும் நின்றது நின்றபடிதான்.

பெரியப்பா ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எவன் வீட்டுக்கும் தெரியலயாமே?"

"இல்ல."

"ஒங்க வீட்டுக்கு?"

"எங்களுக்கும் இல்ல."

முகம் மலர்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணன் போன் வந்தது. "டேய், அய்யா கால் அந்தரத்துலயே நிக்குதுடா. விழுந்துட்டாரா? மறைக்காமச் சொல்லு."

பந்தியில் இருந்த அய்யாவிடம் போனை நீட்டினேன். பாயசக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"எறங்கி ரெண்டாம் சோறு வாங்கியாச்சுப்பா. நீ என்னத்தடா பாத்துக்கிட்டு இருக்க?"

அண்ணன் அழுதது எனக்கே கேட்டது.