மூன்றாவது படி அரிசி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் கூலியாகத் தொடங்கி, சொந்தமாகவே எஸ்டேட் வாங்கினேன். கூலி கட்டுகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அரிசிதான். எழுபதுகளில் என் ஒரு நாள் கூலிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு படி அரிசி கிடைத்தது.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், பழம் சிவந்து நிற்கும் நேரத்தில், வாழவந்தியிலிருந்து பறிக்க வரும் பெண்கள் கூலி பற்றவில்லை என்றார்கள். ஏற்றித் தராவிட்டால் கொட்டச்சேட்டு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்களாம். போனால் என் பழமெல்லாம் மண்ணில்தான் உதிரும்.

"எனக்கு ரெண்டு படிதான் வந்துது. உங்க கூலிக்கு மூணு படி வருது. அப்புறம் என்ன கொறச்சல்?" என்றேன்.

அவர்களில் வாயாடியான ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க, அன்னைக்கு நீங்க வேலைக்கு பஸ்லயா போனீங்க?"

"எஸ்டேட்டுலயே ஊடு குடுத்திருந்தாங்க. பஸ் எதுக்கு?"

"நீங்க எங்களுக்கு ஊடு குடுக்கலீங்களே. அந்த மூணாவது படிய கண்டக்டரு வாங்கிக்கிறாருங்க. வேணும்னா நடந்தே வர்றோம். மத்தியானச் சோத்துக்குச் சரியா வந்து சேந்துருவோம், பரவால்லீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கூலியை நான் ஏற்றவில்லை. போக வர பஸ் காசைத் தனியாகக் கொடுத்தேன். டிக்கெட் ஏறினால் அதுவும் ஏறும் என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் நான்தான். அந்த வருடம் பறிக்க ஆள் தேடி அலைந்தவர்கள் கொட்டச்சேட்டுக்காரர்கள்.