தொங்கட்டானும் நாற்பத்திரண்டு ஓகேயும்

அந்தப் பார்சல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் அவருக்குப் பெயர் தொங்கட்டான். கழுத்தில் கயிறு, கயிற்றில் பென் டிரைவ். பதினோரு வருஷமாக அது ஆடிய ஆட்டத்தில் சட்டையின் மூன்றாவது பட்டனே தேய்ந்து போயிருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

"என்னைக்கூட நீங்க இப்படி நெஞ்சோட வெச்சுக்கிட்டதில்ல" என்பாள் மனைவி.

"அது எதிர்த்துப் பேசாதேம்மா!"

பென் டிரைவுக்குள் இருந்தது ஒரு குட்டி மென்பொருள். எதிலும் நிறுவ வேண்டாம். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் செருகினால் போதும், மூன்று மாடியிலும் உள்ள நாற்பத்திரண்டு கம்ப்யூட்டரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி திரையில் வரிசைகட்டும். அப்டேட் ஆனது பச்சை, ஆகாதது சிவப்பு. ஆனால் அப்டேட் முடிய மெஷினை அணைத்துப் போட வேண்டும். அதற்குத்தான் ஒருவரும் விட மாட்டார்கள்.

"அஞ்சே நிமிஷம்ணே" என்பாள் முதல் மாடி டைப்பிஸ்ட். அவளுடைய அஞ்சு நிமிஷம் போன வருஷம் ஆரம்பித்தது. இவரும் இளகின மனசுக்காரர், விட்டுவிடுவார்.

அணைப்பதற்கு முன்னால் எல்லார் திரையிலும் ஒரு பெட்டி வரும். ஓகே அழுத்த வேண்டும். ஒருமுறை அதில் 'உங்கள் நாற்காலியை நாளை விற்கப் போகிறோம்' என்று எழுதிப் பார்த்தார். நாற்பத்திரண்டு பேரும் ஓகே!

பதினோரு வருஷமும் அவர் தற்காலிகம்தான். நிரந்தரம் கேட்டால் மேனேஜர் "பாக்கலாம்" என்பார். பார்த்துப் பார்த்தே மேனேஜருக்குக் கண்ணாடி நம்பர் ஏறிவிட்டது. அந்த மேனேஜர்தான் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஒரு சிவப்பு இருந்தாலும், கயித்தைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடு. வெளியாளைப் போட்டுக்கறேன்."

"உங்க மெஷினையுமா சார்?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்யா!"

வெள்ளிக்கிழமை தொங்கட்டான் பெட்டியில் இரண்டு வரி அடித்து அனுப்பினார். ஓகே, ஓகே, ஓகே. மழை பெய்கிற மாதிரி ஓகே. இந்த முறை யாருடைய அஞ்சு நிமிஷத்துக்கும் இளகாமல் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். பன்னிரண்டுக்கு எல்லாம் பச்சை.

பன்னிரண்டு அஞ்சுக்கு மேனேஜர் அறையிலிருந்து ஒரு கத்தல். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று வாரமாக அடித்த ரிப்போர்ட்டை மனுஷன் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை!

"யோவ், உன்னை யார்யா அணைக்கச் சொன்னது? இப்பவே வெளிய போ!"

தொங்கட்டான் பதறவில்லை. பென் டிரைவைச் செருகிப் பதிவைத் திறந்தார். "பதினொண்ணு நாப்பத்தொண்ணுக்கு நீங்க ஓகே அழுத்தியிருக்கீங்க சார். என்ன எழுதியிருந்துச்சுன்னா… 'சேமிக்காதது எல்லாம் அழியும். இதை அனுப்பியவரை இன்று முதல் நிரந்தரமாக்கச் சம்மதம்.'"

மேனேஜர் முகம் வெளிறியது. அவர் தலைக்கு நேர் மேலே, அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய சுற்றறிக்கை: திரையில் வருவதைப் படிக்காமல் ஓகே அழுத்துகிறவர் மேல் கடும் நடவடிக்கை.

"நீங்க படிச்சீங்களா சார், படிக்கலையா? மேலிடத்துக்கு எப்படி எழுதட்டும்?"

வாசலில் கூட்டம். "நான் படிச்சுட்டுத்தான் அழுத்தினேன்" என்றாள் டைப்பிஸ்ட், யாரும் கேட்காமலே.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "படிச்சேன்யா. படிக்காம இருப்பேனா?"

சாயங்காலம் நிரந்தர உத்தரவு மேஜைக்கு வந்தது. அரைப் பக்கம். மேனேஜர் அதை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.