எந்த வகைத் தொழிலின்மை

இருபத்திரண்டு வருடங்களாக வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பொருட்களின் கேள்வி, நிரம்பல், சர்வதேச வியாபாரம், தொழிலின்மை எல்லாம் எனக்கு நித்திரையிலும் வரும். அந்தத் திமிரில்தான் என் கணவரின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கம்பனியில் கிளார்க்காக இருந்தார். கப்பலில் வரும் வாகனங்களுக்குச் சுங்கப் பத்திரங்கள் எழுதி, துறைமுகத்துக்குள் மேசை மேசையாக அலைந்து கையெழுத்து வாங்கி, வாகனத்தை வெளியே எடுத்துக் கொடுப்பது வேலை. நாட்டில் டொலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். வகுப்பில் நான் அதை வெகு அழகாக விளக்கினேன்: இறக்குமதியைக் கட்டுப்படுத்தினால் அந்நியச் செலாவணி மிஞ்சும். அதே மாதம் கம்பனி அவரை நிற்பாட்டியது. செலாவணி மிஞ்ச, என் வீட்டு மனிதர் வந்து கதிரையில் குந்தினார்.

மூன்றாம் மாதம் அவருடைய அக்காவின் கணவர், நுகேகொடையில் உள்ள தன் ஹார்ட்வெயார் கடைக்கு ஆள் கேட்டார். சம்பளம் குறைவு, ஆனால் நிரந்தரம். போவதா என்று இவர் என்னிடம் கேட்டார். நானோ நோட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் சும்மா இருப்பது ஒரு வகை. பொருளாதாரம் படுத்ததால் வேலை போவது இன்னொரு வகை. தொழிலே மாறிவிட, தெரிந்த வேலை எவருக்கும் தேவைப்படாமல் போவது மூன்றாவது.

“அப்ப என்ரை எந்த வகை?”

“ரெண்டாவது. பொருளாதாரம் எழும்பினா வேலையும் திரும்பி வரும். அவசரப்பட்டுக் கடையில போய் நிக்காதேங்கோ.”

“நீர் படிச்சனீர். நீர் சொன்னாச் சரிதான்.”

உள்ளதைச் சொன்னால் பொருளியல் மட்டுமல்ல. ரீச்சரின் மனுசன் ஆணி நிறுத்துக் கொடுக்கிறார் என்று சனம் கதைக்குமே என்ற வெட்கமும் எனக்கு இருந்தது. வெட்கத்துக்கு ஒரு வரைவிலக்கணத்தைப் போர்த்திவிட்டேன்.

அவர் காத்திருந்தார். வருடக்கணக்கில் காத்திருந்தார். வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள் என்று செய்தி வந்ததும் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நானும் பல்கனியில் நின்று பெருமையாகப் பார்த்தேன். மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

“எல்லாம் கம்பியூட்டரிலை போகுதாம். ஒரு பிள்ளை இருந்த இடத்திலையே முடிக்குது. மேசைக்கு மேசை ஓட ஆள் தேவையில்லையாம்.”

மூன்றாவது வகை. பரீட்சையில் ஒரு மாணவி இப்படிப் பிழையாக எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பேன். ஹார்ட்வெயார் கடையில் அதற்குள் வேறு ஆள் வந்து நிலைத்துவிட்டார். பிறகு கொள்ளுப்பிட்டியில் சில கந்தோர்களில் வேலை கேட்டு ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் முதலில் வயதைக் கேட்டார்கள். ஐம்பத்து நான்கு. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தேடுவதை விட்டுவிட்டார்.  ஏனென்று கேட்க எனக்கு என்ன முகம்?

போன மாதம், அரசாங்கக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகத் தொழில் விபரம் எடுக்கும் ஒரு முஸ்லிம் பிள்ளை எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தது. வாசலில் நின்று கேள்விகளை வாசித்தது. கணவருக்கு வேலை இருக்கா? இல்லை. கடைசி நாலு கிழமைக்குள்ள வேலை தேடினாரா?

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். “ஓம், தேடுறார்” என்று பொய் சொன்னேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இல்லைப் பிள்ளை, நான் தேடேல்லை. அப்பிடியே எழுதுங்கோ.”

அந்தப் பிள்ளை முதலில் எழுதியதை வெட்டிவிட்டு மாற்றி எழுதியது. நான் கதவைச் சாத்தினேன். வேலை இல்லை, தேடவும் இல்லை என்றால் அந்த ஆள் ஊழியப்படையில் சேர்த்தியில்லை. தொழிலற்றவர் என்றுகூட எண்ணமாட்டார்கள். இவரைப் போன்றவர்கள் மனம் விட்டுப்போய்த் தேடாமல் இருந்தால் கணக்கில் தொழிலின்மை வீதம் குறையும். வருடா வருடம் இதைப் பிள்ளைகளிடம் அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

அவர் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார்.

“இப்ப நான் எந்த வகை?”

குத்திக் காட்டக் கேட்கவில்லை. என்னிடம் இன்னும் விடை இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.