மஃப்ளருக்குக் கஞ்சி

பத்ரிநாத் யாத்திரைக்காக என் கணவருக்குக் கம்பளி மஃப்ளர் ஒன்று பின்னினேன். கழுத்தில் குளிர் பட்டால் அவருக்கு இருமல் நிற்காது. யூடியூபில் பார்த்த டிசைன் அது. வரிசை முடிவதற்குள் பாதியிலேயே ஊசியைத் திருப்பித் திருப்பிப் பின்னினால் பட்டைகள் சாய்வாக விழும்.

அவர் பட்டுத் தறிக்காரர். பார்த்ததும் பொறுக்கவில்லை.

"இன்னாமா இது, பாதியிலயே திரும்பிக்கினு வர்றே? நூலு கரைக்குக் கரை போவ வேணாமா?"

"டிசைனே அதாங்க. நீங்க உங்க தறியைப் பாருங்க."

கிளம்பும் நாள் காலையில் பின்னி முடித்துவிட்டு, காமாட்சி அம்மனைக் கும்பிடப் போனேன். வந்து பார்த்தால் தெருவே சிரிக்கிறது. தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குச் செய்வது போல மஃப்ளருக்கு அரிசிக் கஞ்சி தடவி, இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெயிலில் இழுத்துக் கட்டியிருந்தார்.

"கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டேன்மா" என்றார் பெருமையாக.

சாய்வு அப்படியே இருந்தது. மஃப்ளர்தான் பலகையாகிவிட்டது. தரையில் நிறுத்தினால் தானாக நின்றது. சாயங்காலம் ரயில், அலசினால் காயாது. "அம்மா தாயே, இந்த மனுஷன் கழுத்தை நீதான் காப்பாத்தணும்" என்று வேண்டிக்கொண்டு, அதையே எடுத்துப் பையில் செருகினேன்.

பத்ரியில் அதை வளைத்துக் கட்டிக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் முழு உடம்போடு திரும்பினார். ஆனால் துளிக் காற்று உள்ளே போகவில்லை, ஒரு இருமல்கூட வரவில்லை. தரிசனம் முடிந்ததும் சொன்னார்:

"சாமியத் தவிர வேற எங்கியும் பாக்க முடியலமா. இன்னிக்குத்தான் ஒழுங்கா கும்பிட்டேன்."

நான் கன்னத்தில் போட்டுக்கொள்வது போலச் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.